புதுப்பிப்பு: கல்லூரி நிதியுதவி விண்ணப்பமும் என் வருமான விவரமும்

அமெரிக்கக் கல்லூரி நிதியுதவிக்காக மகள் நிரப்பும் ஃபாஃப்ஸா விண்ணப்பத்தில் என் வருமானமும் கடனும் அவள் கண்ணில் படாமல் இருக்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது விண்ணப்பம் முடிந்துவிட்டது.

2024-25 கல்வியாண்டு முதல் பெற்றோர் தமக்கெனத் தனிக் கணக்குத் தொடங்கி, மகள் அனுப்பும் அழைப்பை ஏற்றுத் தம் பகுதியைத் தாமே நிரப்பலாம் என்பதால், என் கடவுச்சொல்லை அவளிடம் தர வேண்டிய தேவையே எழவில்லை. நான் ஒப்புதல் அளித்ததும் வரித்துறையிலிருந்து நேரடியாக வந்த தொகைகள் திரையில் யாருக்கும் காட்டப்படவில்லை. ஒப்புதலை மறுத்தால் கூட்டரசின் உதவிக்கு மாணவர் தகுதி பெற மாட்டார். ஆகவே தனியுரிமைக்காக அதை மறுக்க எண்ணுவோர் தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள்.

ஆயினும் முடிவுச் சுருக்கத்தில் மாணவர் உதவிக் குறியீட்டெண் (குடும்ப நிதி விவரங்களிலிருந்து கணக்கிட்டு, உதவித் தேவையை மதிப்பிடப் பயன்படுத்தும் எண்) அவளுக்குத் தெரியும். அதைக் கொண்டு குடும்ப நிலையை ஓரளவு ஊகிக்கலாம். பின்னர் ஒரு கல்லூரி சரிபார்ப்புக்காக என் வரிப் படிவங்களை மகளின் கணக்கு வழியாகவே கேட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டபின், நானே நேரடியாக அனுப்ப இசைந்தார்கள். விவாகரத்தானவர்கள் கவனிக்க: சில கல்லூரிகள் ஃபாஃப்ஸாவோடு கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்னும் நிதியுதவி விண்ணப்பத்தில், மாணவருடன் வாழாத பெற்றோர் தனியே விண்ணப்பிக்கலாம்.