இரவு பேக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் நின்று நின்று ஓடுகிறது: எதை மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். 64 ஜிபி மெமரி உள்ள லினக்ஸ் சர்வர், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் பேக்கப் அதே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்ததும், அவ்வப்போது கமிட் (மாற்றங்களை உறுதியாகப் பதிவது) எல்லாம் பத்து இருபது விநாடி அப்படியே நின்றுவிடுகிறது. சிபியு சும்மாதான் இருக்கிறது. இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, உதவுங்கள்.

பதில் 1:
டிஸ்க்கின் மவுன்ட் ஆப்ஷனில் நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தைப் பதியாமல் விடுவது) சேர்த்துப் பாருங்களேன்.

பதில் 2:
அதில் பெரிதாக எதுவும் மாறாது. கெர்னல் 2.6.30 முதலே ரெல்ஏடைம்தான் டீஃபால்ட், அது படித்த நேரத்தை எப்போதாவதுதான் பதியும். பேக்கப் ஓடும்போது மெமரி நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோவில் டர்ட்டி (இன்னும் டிஸ்க்கில் எழுதாத டேட்டா) என்ற வரி எவ்வளவு காட்டுகிறது?

கேட்டவர்:
9 ஜிபி வரை ஏறுகிறது! அதை டிஸ்க்கில் இறக்கும் நேரத்தில்தான் கமிட் நிற்கிறது.

பதில் 2:
அப்போ அதுதான். பேக்கப் எழுதுவது உடனே டிஸ்க்குக்குப் போகாது, மெமரியில் சேரும். கெர்னலின் டீஃபால்ட்படி, காலியாகவோ காலி செய்யக்கூடியதாகவோ இருக்கும் மெமரியில் 10 சதவீதம் தாண்டினால் பின்னணியில் எழுதும். 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதுகிற ப்ராசஸையே மட்டுப்படுத்தும். 1 ஜிபி மெஷினில் அந்த 20 சதவீதம் 200 எம்பிகூட வராது. உங்களுக்கோ 9 ஜிபி. அவ்வளவும் டிஸ்க்கில் இறங்கும்போது டேட்டாபேஸின் எஃப்சிங்க் (கமிட்டை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் அழைப்பு) பின்னால் வரிசையில் நிற்கிறது.

சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில் கொடுங்கள்: டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் (பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவு) 256 எம்பி, டர்ட்டி பைட்ஸ் (மட்டுப்படுத்தும் அளவு) 1 ஜிபி. கொடுத்ததும் பழைய சதவீத அமைப்புகளான ரேஷியோ இரண்டும் 0 என்று காட்டும், பயப்படாதீர்கள். முடிந்தால் பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதுதான் முழுத் தீர்வு.

கேட்டவர்:
நேற்று இரவு போட்டேன். ஒரு கமிட்டும் ஒரு விநாடியைத் தாண்டவில்லை! பேக்கப் கொஞ்சம் மெதுவானது, பரவாயில்லை. மிக்க நன்றி. புரோகிராம்களைக் கம்பைல் செய்யும் எங்கள் பில்ட் சர்வருக்கும் இதையே போடலாமா?

பதில் 2:
வேண்டாம். பில்ட் உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள் பல, சில விநாடிகளில் அழிந்துவிடும். டர்ட்டி டேட்டாவை 30 விநாடி மெமரியில் வைத்திருப்பதுதான் டீஃபால்ட். அதற்குள் அழிந்தால் பெரும்பாலும் டிஸ்க்கைத் தொடவே தொடாது. வரம்பைக் குறைத்தால் அத்தனையையும் வீணாக எழுத வேண்டிவரும். அங்கே டீஃபால்ட்டே இருக்கட்டும்.