மறு: ரேஞ்சுக்கு 'வீச்சு' சரியா? (கரண்டு படகு கலைச்சொல்)

> கரண்டு படகுக்கு ரேஞ்ச்ங்கறத, அதாவது ஒருக்கா சார்ஜ் ஏத்துனா போற தூரத்த, 'வீச்சு'ன்னு போட்டரலாமா? ஸ்கூட்டர் பத்தி எழுதறவங்க சில பேரு அப்படித்தான எழுதறாங்க.

ஏனுங்ணா, வீச்சு வேண்டாமுங்க. வீச்சுன்னா எறிஞ்ச கல்லு போயி விழுகற தூரம், துப்பாக்கிக்குப் பொருந்தும், ரேடியோவுக்கும் பொருந்தும். எறிஞ்சதுக்கப்புறம் கல்லு நம்ம கையில இல்ல. படகு அப்படியா? வழி பூரா வேகத்தக் கூட்டிக் கொறைக்கற லீவர் நம்ம கையிலயே இருக்குது, அத எவ்வளவு தள்ளறமோ அதுக்குத் தக்கன தூரமும் மாறிக்கிட்டே போகுது. ரேஞ்ச்னு ஒத்தை நம்பர் கரண்டு படகுக்கு கெடையாதுங்க, சொல்லும் அதக் காட்டோணும்.

நானு பம்ப்செட் மோட்டார் ஆளு. கோயமுத்தூர்ல பம்ப் டெஸ்டிங்ல நிக்கறவங்களுக்கு இது பழைய கணக்கு, சுத்து பாதியாச்சுன்னா இழுக்கற பவர் எட்டுல ஒரு பங்குக்கு எறங்கிரும். தண்ணியத் தள்ளிட்டுப் போற படகுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். 30 அடி பாய்மரப் படகுல 10 யூனிட் பேட்டரி இருக்குதுன்னு வெச்சுக்கங்க, மணிக்கு 3 கடல்மைல் போக 1 கிலோவாட் போதும்னா 10 மணி நேரம் ஓடும், 30 கடல்மைல் போயிரலாம். அவசரம்னு 6ல ஓட்டுனீங்கன்னா 8 கிலோவாட் கேக்கும், ஒண்ணேகால் மணி நேரத்துல எல்லாம் தீந்துரும், 7.5 கடல்மைல்தான். அதே படகு, அதே பேட்டரி. டீசல்காரங்களுக்கு இது அவ்வளவா உறைக்காது, ஏன்னா ஒரு லிட்டர் எரிச்சா புரொப்பல்லருக்கு 3 யூனிட்டாவது வந்து சேரும், அப்படிப் பாத்தா நூறு கிலோ பக்கம் கனக்கற நம்ம பேட்டரி மூணு சொச்சம் லிட்டர் டீசலுக்குத்தான் சமம், சொல்றதுக்கே சங்கடமா இருக்குது.

ரேக்ளாவுல காங்கயம் காளைய 200 மீட்டர், 300 மீட்டர்தான் வெரட்டறோம். அதே காளைய வண்டில பூட்டி நடையா விட்டா சந்தைக்குப் போயிட்டு பொழுதோட திரும்பிரும். இந்தக் காளை எவ்வளவு தூரம் போகும்னு ஒருத்தர் கேட்டா, எந்த நடையிலன்னுதான நாம திருப்பிக் கேப்போம்? தூரத்துல இருக்கறத நம்ம பக்கம் எட்டத்துல இருக்குதுங்கறோம். ரெண்டையும் சேத்து 'நடையெட்டம்'னு வெக்கலாம்ங்கறது என்னோட யோசனை. நாழிகை வழின்னு நடக்கற நேரத்த வெச்சே தூரத்த அளந்தவங்கதான நம்ம பெரியவங்க.

அப்புறம் ஹல் ஸ்பீடு, படகு லேசுல தாண்ட முடியாத வேக எல்லை. 'உடல் வேகம்'னு ஒருத்தரு எழுதியிருந்தாரு, ஜிம் விளம்பரமாட்ட இருக்குதுங்க. நடக்கறது என்னன்னா, படகு போறப்ப முன்னாடி ஒரு அலை எழும்புது, வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுக்கிட்டே போகுது, ஒரு கட்டத்துல அலையோட நீளமும் படகோட நீர்க்கோட்டு நீளமும் (தண்ணி மட்டத்துல படகோட நீளம்) ஒண்ணாயிரும், அப்ப முன்னால ஒரு முகடு பின்னால ஒரு முகடு, நடுப்பள்ளத்துல படகு மாட்டிக்கும், அதுக்கு மேல போகோணும்னா தான் கெளப்புன அலை மேல தானே ஏறோணும். நீர்க்கோடு எத்தன அடியோ அதோட வர்க்கமூலத்த 1.34ஆல பெருக்குனா அந்த வேகம் வந்துரும், 25 அடிக்கு மணிக்கு 6.7 கடல்மைல். அங்க போயி பெரிய மோட்டாரப் போட்டாலும் பேட்டரி கரையுமே தவிர வேகம் லேசுல ஏறாது. அதனால 'அலைக்கட்டு'.

---

தம்பி, பொள்ளாச்சில இருந்து எழுதறேன். அலைக்கட்டு நல்லா இருக்குது. நடையெட்டம் வேண்டாம், மெட்ராஸ்காரங்க பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம்னு படிச்சுருவாங்க. வெறும் 'எட்டம்' போதும். இன்னொண்ணு, அலைக்கட்டு எல்லாப் படகையும் ஒரே மாதிரி கட்டாது. கேரளாவுல வைக்கம்–தவணக்கடவுக்கு 2017ல விட்டாங்களே ஆதித்யா, 75 பேரு ஏறுற சோலார் படகு, அது ஒல்லியான ரெட்டைத் தோணி. ஒல்லி உடம்புக்கு அலை அவ்வளவு எழும்பறதில்ல. அதையப் போயி கேட்டமரான்ங்கறாங்க, நம்ம கட்டுமரங்கற பேர எடுத்துட்டுப் போயி வேற சாமானுக்கு வெச்சுட்டு நமக்கே திருப்பிக் குடுக்கறாங்க, அது தனிக் கதை.

---

சரிங்க்கா, 'எட்டம்'னே இருக்கட்டும். ஆனா கலைச்சொல் பட்டியல்ல ஏத்தறப்ப வேகத்தோட சேத்துத்தான் போடோணும், '3ல 30 எட்டம், 6ல 7.5 எட்டம்'னு. தனியா விட்டா மறுபடி ஸ்கூட்டர் விளம்பரமாயிரும். ரெட்டைத் தோணி சேதி சரிதானுங்க, அலைக்கட்டு விளக்கத்துல 'கனமான ஒத்தை உடல் படகுக்கு'ன்னு சேத்தர்றேன். மிச்சம் இருக்கறது ரீஜென். பாய் இழுத்துட்டுப் போறப்ப தண்ணி புரொப்பல்லரச் சுத்திவிட்டு பேட்டரிய ஏத்துதே, அதுக்கு 'மீளாக்கம்'ங்கறது எனக்கு ஒப்பவே இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள யாராச்சும் ஒண்ணு சொல்லுங்க.