மாமன் மச்சான் என்றோம், வீடு கேட்டால்?

வைகைக்கரை:
மகனுடைய நண்பனுக்கு மதுரை நரிமேட்டுப் பக்கம் வாடகை வீடு தேடுகிறோம். எத்தனை பேர், என்ன வேலை என்று புரோக்கர் கேட்கவே இல்லை. முதலில் பெயரைத்தான் கேட்டார். பாய் வீட்டுப் பையன் என்றதும், "ஓனர் கறி சமைக்க விடமாட்டார் சார்" என்றார். அந்த ஓனர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்கடையில் நிற்பவர், எனக்கே தெரியும்.

எங்கள் காலத்தில் இப்படி இல்லை. காய்ச்சல் என்றால் அம்மா எங்களைக் கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பாய்மாரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஆற்றில் இறங்கிய அழகர் ராத்திரி வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று சொல்கிற ஊர் இது. திருப்பரங்குன்றம் மலையில் எது யாருக்கு என்று வெள்ளைக்காரன் காலத்து உச்ச நீதிமன்றமான பிரிவி கவுன்சில் 1931லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. கீழே முருகனைக் கும்பிட்டுவிட்டு மேலே சிக்கந்தர் தர்காவுக்கும் ஏறி இறங்கியவன் நான். 2025இல் அதைத் தெருச்சண்டை ஆக்கிவிட்டார்கள். கெடுத்தது அரசியல், மக்கள் இல்லை.

மேலூர்க்காரன்:
"எங்கள் காலம்" என்கிறீர்களே அண்ணே, யாருடைய காலம்? மீனாட்சி கோயிலுக்குள் எங்கள் தலித் ஆட்கள் கால் வைத்ததே 1939 ஜூலை 8ஆம் தேதிதான். காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கும் எத்தனை எதிர்ப்பு! அது பழைய கதை என்றால் உத்தப்புரத்துக்கு வாருங்கள். 2008 மே மாதம், எங்களைப் பிரித்து ஆதிக்க சாதியார் கட்டிய சுவரில் ஒரு பகுதியை இடித்து எங்களுக்கு வழி விட்டதற்கே மறுபக்கத்தார் ஊரைக் காலி செய்துகொண்டு மலையடிவாரத்துக்குப் போனார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டியில் எங்களுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஒழுங்காகத் தேர்தல் நடக்கப் பத்து வருடம் ஆனது. இதையெல்லாம் எந்த அரசியல்வாதி வெளியிலிருந்து கொண்டுவந்தான்?

மகபூப்பாளையம்:
அண்ணன் சொன்ன மாமா மச்சான் பொய் இல்லை. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வந்து நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள் இல்லை. இன்றும் வருகிறார்கள். ஆனால் வீடு? எங்கள் அத்தா காலத்திலும் நாங்கள் பள்ளிவாசலைச் சுற்றித்தான் இருந்தோம். அப்போது வெளியே வீடு கேட்கவில்லை, அதனால் யாரும் மறுக்கவும் இல்லை. துலுக்க நாச்சியார் வீட்டில் அழகர் தங்கலாம், அழகரைக் கும்பிடுகிறவர் வீட்டில் துலுக்கன் வாடகைக்குத் தங்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தர்காவுக்குப் போகாதே என்று நன்னியையே, அதாவது பாட்டியையே, அதட்டுகிற பையன்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இதற்கு நான் யாரைத் திட்டுவது?

முனிச்சாலை:
நாங்கள் சௌராஷ்டிரர். வீட்டில் பேசுவது வேறு மொழி, தெருவில் தமிழ். முன்னூறு வருடத்துக்கு மேலாக இங்கேதான் இருக்கிறோம், இருந்தும் "பட்டுநூல்காரன்" என்ற பேர் போகவில்லை. என் கணக்கு வேறு. பழக்கம் வந்தது அன்பால் இல்லை, கொடுக்கல் வாங்கலால். அப்பாவின் தறிக்குச் சரிகை கடன் கொடுத்தவர் ஒரு பாய், சுங்குடிச் சேலைகளை வாங்கிப்போனவர் ஒரு செட்டியார். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். தறி போச்சு, தம்பி ஐடி வேலைக்குப் போய்விட்டான். இப்போது எங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்கள் ஆட்கள் மட்டும்தான்.

மேலூர்க்காரன்:
கொடுக்கல் வாங்கலா? நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஆதிக்க சாதிக்காரர்கள் வயலில் நாற்று நட்டோம், களத்தில் நெல் தூற்றினோம். தினமும் முகம் பார்த்த உறவு. எந்தக் கல்யாணத்துக்குப் பந்தியில் உட்கார வைத்தார்கள்? கடன் கொடுக்கிறவனுக்குத்தான் உங்கள் கணக்கு சரி, கூலி வாங்குகிறவனுக்கு இல்லை. திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் 1998இல் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். நூறு வீட்டில் நாற்பது எங்களுக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று அரசே கணக்குப் போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது. தானாக நடக்கிற காரியம் என்றால் அரசாணை எதற்கு?

வைகைக்கரை:
நேற்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். பெருநாளுக்கு எதிர்வீட்டு மாமா பிரியாணி கொடுத்துவிடுவார். பாட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், "வாப்பா" என்பார். அப்புறம் அது கொல்லைப்பக்கம் வேலைக்கு வருகிற அம்மாவுக்குப் போய்விடும். இத்தனை வருடம் இதை ஒற்றுமைக்கு உதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எந்த ஆட்கள், மாமா ஒரு நாளாவது திண்ணையைத் தாண்டி உள்ளே வந்தாரா என்றெல்லாம் யோசித்ததே இல்லை. ஆனாலும் ஒன்று: பாட்டி வாங்கினார். இன்று கொடுக்கவே யாரும் வருவதில்லை. நான் வருத்தப்படுவது அதற்குத்தான்.

மகபூப்பாளையம்:
சரி அண்ணே, அந்தப் பையனுக்கு வீடு கிடைத்ததா?

வைகைக்கரை:
இல்லை பாய். இதுவரை ஏழு வீடு.

முனிச்சாலை:
எங்கள் மாடி அடுத்த மாதம் காலியாகிறது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பையனை வந்து பார்க்கச் சொல்லுங்கள். கறி சமைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மேலூர்க்காரன்:
முனிச்சாலை அண்ணே, என் தங்கைக்கும் மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது. பையன் வேண்டாம் என்றால் நாங்கள் வந்து பார்க்கலாமா?

முனிச்சாலை:
வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் தம்பி.

மேலூர்க்காரன்:
பாய் பையனுக்கு அம்மாவைக் கேட்கவில்லையே அண்ணே.