புஷ்கிராஃப்ட்: காடுறை கலையா, காடறிவா?

இழையில் உள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டில் விரும்பித் தங்கி, அங்கே கிடைப்பவற்றைக் கொண்டு வாழும் திறனைக் குறிக்கும் புஷ்கிராஃப்ட் (bushcraft) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை காட்டுக் கைவினை, வனவாழ்வியல், காட்டுப் பிழைப்பு, வனவாசக் கலை, காடுறை கலை என ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன. கடைசியாக வந்த காடுறை கலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனினும் அதனினும் பொருத்தமானது என்று நான் கருதும் காடறிவு என்னும் சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆஸ்திரேலியரும் தென்னாப்பிரிக்கரும் புஷ் என்று சொல்லும்போது புதரை எண்ணுவதில்லை. உழவும் வேலியும் சென்றடையாத நிலப்பரப்பு முழுவதையும் அச்சொல்லால் குறிக்கிறார்கள். ஆகவே 'புதர்' என்று தொடங்கும் எந்த மொழிபெயர்ப்பும் அடியிலேயே பிழையாகிவிடும். காட்டுப் பிழைப்பு என்பதையும் நான் ஏற்கவில்லை. வழிதவறியோ விபத்தில் சிக்கியோ காட்டில் அகப்பட்டவர் உயிரோடு வெளியே வருவதற்கான திறன் பிழைப்புத்திறன். அவருடைய எண்ணமெல்லாம் எப்போது மீட்கப்படுவோம் என்பதிலேயே இருக்கும். புஷ்கிராஃப்ட் பயில்பவரோ விரும்பிச் சென்று, விரும்பித் தங்குபவர். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பிறகு பிரிப்பது கடினம். வனவாசம் என்றாலோ நம் காதில் பதினான்கு ஆண்டுத் தண்டனைதான் ஒலிக்கிறது.

கைவினை என்பதை ஏன் மறுக்கிறேன் என்பதற்கு நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை நிமித்தமாக ஸ்வீடனில் இருந்தபோது, நிலத்துக்காரரின் அனுமதி பெற்ற ஒரு காட்டில் இரண்டு நாள் பயிற்சிக்குச் சென்றேன். முதல் நாள் பகல் முழுவதும் மழை பெய்தது. தரையில் கிடந்த சுள்ளிகள் அனைத்தும் ஊறிப்போயிருந்தன. பயிற்சி தந்த பெரியவர் தரையைப் பார்க்கவே இல்லை. நின்றபடியே பட்டுப்போன ஒரு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைத் தேர்ந்து, கையளவு தடிமன் உள்ள துண்டாக அறுத்து, கத்தியை அதன் தலையில் வைத்து மரக்கட்டையால் தட்டிப் பிளந்தார். வெளிப்பக்கம் நனைந்திருந்த அந்தத் துண்டின் உள்மரம் வெளிறிய நிறத்தில், தொட்டால் உலர்ந்து இருந்தது. அதைக் கத்தியால் மெல்லச் சீவினார். சீவல்கள் அறுந்து விழாமல் குச்சியின் நுனியிலேயே சுருள்சுருளாகத் தங்கி நின்றன. விழுந்து கிடந்த பிர்ச் மரத்திலிருந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பட்டையை அதன் அடியில் வைத்தார். எண்ணெய்ப் பசை நிறைந்த அந்தப் பட்டை ஈரத்திலும் கரும்புகையோடு பற்றிக்கொண்டது. அவரிடம் இருந்த கருவிகள் ஒரு கத்தி, ஒரு மடக்கு ரம்பம், உரசினால் தீப்பொறி உதிர்க்கும் ஒரு பொறிக்கோல் ஆகியவை மட்டுமே. கையின் திறமையைக் காட்டிலும், எந்த மரத்தின் எந்தப் பாகம் மழையிலும் உலர்ந்திருக்கும் என்னும் அறிவே அன்று தீயை மூட்டியது. பிறர் நிலத்திலும் எவரும் இயற்கையில் உலவலாம் என்னும் அந்நாட்டின் 'அனைவர் உரிமை', உயிருள்ள மரத்தின் பட்டையை உரிக்க இடம் தருவதில்லை என்பதும் அவர் அறிந்திருந்த அறிவின் ஒரு பகுதியே.

கனடாவின் வடகாடுகளில் இக்கலையைப் பல்லாண்டுகள் கற்பித்த மோர்ஸ் கோச்சன்ஸ்கியின் பெயரோடு ஒரு வாசகம் வழங்குகிறது: அதிகம் அறிந்தவர் குறைவாகச் சுமப்பார். இத்துறையின் இலக்கணமே அதுதான் என்பதால், கலைச்சொல்லில் அறிவு என்னும் கூறு இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுமையைக் குறைப்பது மட்டுமே நோக்கமானால் அது வேறு துறை. 1955இல் தம் 67ஆம் வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை முழுவதையும் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட், தோளில் ஒரு துணிப்பையும் மழைக்குக் குளியலறைத் திரைச்சீலையும் கொண்டு சென்றார். அதற்குக் குறைசுமை நடை என்று பெயரிட்டால் போதும்.

இனிச் சொற்புணர்ச்சி பற்றிய தடை. காடு + அறிவு என்பது காட்டறிவு என்றுதானே வரவேண்டும் என்று கேட்கலாம். காடு, வயிறு போன்ற நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர றகர ஒற்று வேற்றுமையில் இரட்டும் என்னும் நன்னூல், 'மிகவே' (பெரும்பாலும்) என்று முடித்து, இரட்டாமல் வருவதற்கும் இடம் விட்டிருக்கிறது. முல்லை நிலத்தைத் தொல்காப்பியர் 'காடுறை உலகம்' என்றாரேயன்றிக் காட்டுறை உலகம் என்று சொல்லவில்லை. நாடாளுதல் என்பதிலும் இரட்டிப்பு இல்லை. அங்கெல்லாம் வருமொழி வினை, இங்கே பெயர் என்று மறுப்பு எழலாம். காட்டை அறிதல் என்று விரியும் தொடரில் அறிவு தொழிற்பெயராகவே நிற்கிறது என்பது என் விடை. மேலும், காட்டு என்று தொடங்கும் சொற்கள் காட்டுத்தனம், காட்டுமிராண்டி என்னும் இழிவழக்குகளை நினைவுபடுத்துகின்றன. அந்த நிழல் இச்சொல்லின்மேல் விழ வேண்டாம். காடுறை கலையை நாம் கைவிடவும் வேண்டாம். காடுறைதல் என்பதைக் காட்டில் எளிய முறையில் தங்குவதற்கும், காடறிவு என்பதை அதற்கு அடிப்படையான அறிவுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டு சொற்களும் பயன்படும்.

எளிய சொற்களால் ஆன ஆக்கம் நிலைக்குமா என்று ஐயுறுவோர் நார்வேயைப் பார்க்கலாம். கவிஞர் இப்சன் 1859இல் ஒரு கவிதையில் கையாண்ட ஃபிரிலுஃப்ட்ஸ்லிவ் என்னும் சொல், கட்டற்ற, காற்று, வாழ்வு என்னும் அன்றாடச் சொற்கள் மூன்றைச் சேர்த்தது. இன்று அந்நாட்டினர் அனைவரும் அதைப் பேசுகிறார்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டருக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது என்று விதிக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் சொல்லின் முற்பாதியையே பெயரில் தாங்கியிருக்கிறது.

துணைச்சொற்களில் பெரும்பாலானவை நம் கையிலேயே இருக்கின்றன. தீ மூட்டுவதன் மூன்று படிகளுக்கும் செத்தை, சுள்ளி, விறகு ஆகியவை போதும். விறகடுப்பில் சமைத்த எந்த அம்மாவிடம் கேட்டாலும் அவற்றின் வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். தார்ப்பாய் ஏற்கெனவே நம் சொல்லாகிவிட்டது. உரசித் தீ உண்டாக்கும் கோலுக்கு ஞெலிகோல் என்னும் சங்கச் சொல் இருக்கிறது. அதியமானைப் பாடும் ஔவையார், வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகி வைத்த ஞெலிகோலை அவனுக்கு உவமையாக்குகிறார். பெரும்பாணாற்றுப்படையின் இடையன் ஞெலிகோலில் பிறந்த கொள்ளியைக் கொண்டு மூங்கிலைத் துளைத்துக் குழல் செய்கிறான். கயிறு கட்டிய வில்லால் கோலைச் சுழற்றும் முறையை வில்ஞெலிகோல் என்றும், உள்ளங்கைகளால் உருட்டும் முறையைக் கைஞெலிகோல் என்றும் பிரிக்கலாம். நான் மேலே விவரித்த சுருள்கள் நிற்கும் குச்சிக்குச் சீவற்குச்சி என்பது என் பரிந்துரை.

உணவு தேடலில்தான் சொற்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 'காடே சோறு போடும்' என்ற எண்ணத்தை ஊட்டும் எந்தத் தொடரும் வேண்டாம். 100 கிராம் புளூபெர்ரிப் பழம் தருவது ஏறத்தாழ 57 கலோரி; நாள் முழுவதும் நடந்து விறகு பிளப்பவருக்கு அதனால் பசியாறாது. முயல் இறைச்சியையே நம்பி இருப்போரும் வயிறு நிறைந்தும் நலிந்துபோகிறார்கள். கொழுப்பு மிகக் குறைந்த அந்த இறைச்சியின் புரதத்தைக் கல்லீரலால் ஓர் அளவுக்குமேல் கையாள முடிவதில்லை. இந்நிலைக்கு முயற்பட்டினி என்று பெயரிடலாம். கேட்டவுடன் எச்சரிக்கையாகவும் அமையும். பறித்தும் அகழ்ந்தும் உண்பதற்குத் தேடியுண்ணல் போதுமானது.

காடறிவு பயில்பவரை எப்படி அழைப்பது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை. காடறிஞர் என்றால் பல்கலைக்கழக ஆய்வாளர் போல் தோன்றுகிறது. காடறிவோர் என்பது பன்மையில் நன்றாக நிற்கிறது. ஒருமைக்கு உங்கள் கருத்தை எழுதுங்கள். செத்தைக்கு மாற்றாக உங்கள் ஊரில் வேறு சொல் வழங்கினால் அதையும் ஊர்ப்பெயரோடு தெரிவிக்க வேண்டுகிறேன்.