ஊற்றுக்காரையும் இறுகுசாம்பலும்: திவோலியின் கற்களுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உரோமுக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திவோலியைப் பற்றிய பயணக் கையேட்டைத் தமிழாக்கும்போது, அதில் வரும் டஃப், டூஃபா, டிராவர்டைன் என்னும் கல்வகைகளுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று எழுந்த ஐயத்தைச் சென்ற மடலில் முன்வைத்திருந்தேன். டஃப், டூஃபா என்று ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம் என்று ஒருவரும், டஃப் என்பதற்கு நீற்றுக்கல் பொருந்தும் என்று ஒருவரும், டிராவர்டைனைச் சுக்கான்கல் எனலாம் என்று வேறொருவரும் மறுமொழி எழுதியிருந்தீர்கள். மூன்றையும் பல நாள் எண்ணிப் பார்த்தேன். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒலிபெயர்ப்பின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். டஃப் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல். டூஃபா நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து உண்டான கல். பிறப்பில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆயினும் இரு பெயர்களும் 'தோஃபுஸ்' என்ற ஒரே இலத்தீன் சொல்லின் வழி வந்தவை என்பதால், இத்தாலியிலேயே நேப்பிள்ஸில் எரிமலைக்கல்லையும் மத்தேராவில் சுண்ணக்கல் வகை ஒன்றையும் 'தூஃபோ' என்றே வழங்குகிறார்கள். அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

திவோலிக்குச் செல்பவருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அங்கே நிலத்தடியில் சுண்ணப்பாறை. தென்மேற்கே ஆல்பன் குன்றுகள் என்னும் பழைய எரிமலைத் தொகுதி. ஆழத்திலிருந்து எழும் கரியமில வாயு நிலத்தடி நீரில் கலந்து, அந்த நீருக்குச் சுண்ணாம்பைக் கரைக்கும் ஆற்றலைத் தருகிறது. நீர் ஊற்றாக வெளிப்பட்டதும் வாயு பிரிந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிகிறது. சுமார் 23 பாகை வெப்பமுள்ள, கந்தக மணம் வீசும் வெண்ணிற நீரைப் பார்த்துத்தான் உரோமர்கள் அதற்கு 'வெள்ளை நீர்' என்ற பொருளில் ஆக்வே ஆல்புலே என்று பெயரிட்டார்கள். அங்கே படிந்த கல்லே டிராவர்டைன். திவோலியின் பழம்பெயரான திபூர் என்பதிலிருந்து வந்த 'திபூர்க்கல்' என்னும் வழக்கே மருவி அப்பெயராயிற்று. ஆகவே அது கல்லின் இயல்பை உணர்த்தாத வெறும் ஊர்ப்பெயர்.

உரோமில் கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கில் வெளிச்சுற்றும் முதன்மைத் தூண்களும் டிராவர்டைன். உட்சுவர்களில் பெரும்பகுதி டஃபும் செங்கல்லும். டிராவர்டைன் சுமையையும் மழையையும் தாங்கும், நெருப்பில் மட்டும் வெடித்துவிடும் என்று உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். எது எங்கே, ஏன் வைக்கப்பட்டது என்பதைப் பார்வையாளர் உணர வேண்டுமானால், கல்லின் பிறப்பைச் சொல்லும் பெயர் அவர் கையில் இருக்க வேண்டும்.

இனி நீற்றுக்கல். கேட்டவுடன் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நம் மொழியில் நீறு என்பது சாம்பலையும் குறிக்கும், நீற்றிய சுண்ணாம்பையும் குறிக்கும். திருநீறு முதல் பொருளில் வருகிறது. நாவுக்கரசரை இட்டதாகப் பெரிய புராணம் கூறும் நீற்றறை, சுண்ணாம்புக் காளவாய். நீற்றுக்கல் என்றால் ஒருவர் எரிமலைச் சாம்பலையும் மற்றவர் சுண்ணாம்புக்கல்லையும் நினைப்பார். இலத்தீனில் நேர்ந்த அதே விபத்து, வேறு வழியில், தமிழிலும் நேர்ந்துவிடும். சாம்பற்கல் என்று மாற்றினால் நிறத்தைக் குறிப்பதாகக் கொள்ள இடமுண்டு. உரோமின் டஃபில் செம்பழுப்பு உண்டு, நேப்பிள்ஸில் மஞ்சள் உண்டு.

எனவே டஃப் என்பதற்கு 'இறுகுசாம்பல்' என்ற வினைத்தொகையை முன்மொழிகிறேன். இறுகிய, இறுகுகின்ற, இறுகும் என முக்காலமும் இதில் அடங்கும். சாம்பல் முன்பே இறுகிக் கல்லானது என்பதோடு இது நின்றுவிடவில்லை: வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் மேலும் கெட்டிப்படுவது இக்கல்லின் இயல்பு; உரோமின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்களைத் தோண்ட முடிந்ததும், தோண்டியவை நிலைத்ததும் இதனால்தான்.

சுக்கான்கல் நல்ல தமிழ்ச்சொல். ஆனால் அது நம் மண்ணில் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கு உரியது. அதற்குரிய பெயரைப் பறித்து வேறொன்றுக்குக் கொடுப்பது முறையன்று. டிராவர்டைனுக்கு 'ஊற்றுக்காரை' என்பேன். சுவரில் பூசுவதும் காரை, பல்லில் மெல்ல மெல்லப் படிந்து கெட்டிப்படுவதும் காரை. ஊற்றுநீர் செய்வதும் அதே வேலை. காரை என்றால் பெயர்ந்து விழுவதுதானே என்று கேட்கக்கூடும். கட்டடக் கல்லைக் குறிக்குமிடத்தில் ஊற்றுக்காரைக்கல் என்று நீட்டிக்கொள்ளலாம். குளிர்ந்த நீரோட்டத்தில் பாசியையும் இலைதழைகளையும் போர்த்திப் படியும், துளைகள் மிகுந்த டூஃபாவுக்குப் 'பாசிக்காரை' பொருந்தும்.

நீறு என்ற சொல்லை முற்றிலும் கைவிட எனக்கு மனமில்லை. உரோமர்கள் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு நீற்றி, அதனுடன் பொட்சொலானா என்னும் எரிமலைச் சாம்பலைக் கலந்து குழைத்த சாந்தே திவோலியிலுள்ள பேரரசர் ஆட்ரியன் மாளிகையின் சுவர்களைப் பிணைக்கிறது. தமிழில் பார்த்தால் நீறும் நீறும் சேர்ந்த கலவை அது. மயக்கம் தந்த இரு பொருளும் இங்கே ஒருங்கே தேவைப்படுவதால், அதற்கு 'இருநீற்றுச் சாந்து' என்று எழுதியிருக்கிறேன். கொத்தனார்களின் பேச்சு வழக்கில் இதனினும் பொருத்தமான சொல் இருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.