போர்க்கப்பலில் இருந்தவர்களோடு பழகிய அனுபவம் உண்டா?

கடலோரன்:
என் மாமனார் 1971 போரின்போது ஐஎன்எஸ் ராஜ்புத் நாசகாரிக் கப்பலில் இளம் அதிகாரி. அந்தப் போரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜியின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. 2009இல் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போனோம். கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கும் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்க்க அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். ஏறும் படியில் ஒரு காலை வைத்தார். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் இறங்கிவிட்டார். "நீங்க பார்த்துட்டு வாங்க மாப்பிள்ளை, நான் இங்கயே இருக்கேன்" என்றார். மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வெளியே வந்தபோது நீர்மூழ்கிக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உள்ள படுக்கை எத்தனை இருந்துச்சு?" நான் எண்ணவில்லை. காஜிக்குள் 90 பேருக்கு மேல் இருந்தார்கள் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வால்டேர்வாசி:
பெரியப்பாவுக்கு ரயில்வே வேலை, அப்போது விசாகப்பட்டினத்தின் வால்டேர் பகுதியில் வீடு. காஜி மூழ்கிய டிசம்பர் 3 இரவு பன்னிரண்டு மணி தாண்டி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து உடைந்ததாம். பூகம்பம் என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா தெருவுக்கு ஓடியிருக்கிறார். கைக்குழந்தையை எடுத்தேன் என்று தலையணையை எடுத்துப் போய்விட்டார். திரும்ப உள்ளே ஓடிய அந்த நிமிடத்தைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் நடுங்கும்.
கடலோரன், உங்கள் மாமனார் மேல் மரியாதை உண்டு. ஆனால் காஜியை மூழ்கடித்தது ராஜ்புத்தான் என்று முடிவாகச் சொல்ல முடியாது. தான் போட்ட கண்ணிவெடியிலேயே சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்ளேயே ஏதோ வெடித்தது என்று சொல்பவர்களும் உண்டு.

நெய்தல்மகள்:
வால்டேர் அண்ணா, அவர் எங்கே அப்படிச் சொன்னார்? திரும்பப் படியுங்கள். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருக்க, தானே விக்ராந்த் என்பதுபோல் செய்தி அனுப்பி எதிரியை ஏமாற்றிய கப்பல் ராஜ்புத். துறைமுக வாயிலைத் தாண்டியதும் தண்ணீரில் சுழிப்பு தெரிய, நீருக்கடியில் வெடிக்கும் இரண்டு ஆழ்கடல் குண்டுகளைப் போட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய கப்பல் அது. அதில் நின்றவர்களுக்கு அன்றைக்கு எந்த விளக்கமும் கையில் இல்லை.
என் அனுபவம் சின்னது. அதே போரில் மூழ்கிய இந்தியப் போர்க்கப்பல் குக்ரியிலிருந்து தப்பிய ஒருவர் எங்கள் பக்கத்து வீடு. டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் மூழ்கிய கப்பல், 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நேராக வாசலுக்குப் போய்விட்டார். விளக்கு வந்தபோது வெளியே நின்று உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
வீட்டில் இப்படிப் பெரியவர்கள் இருந்தால் இப்போதே பேச்சைப் பதிவுசெய்து வையுங்கள். "எத்தனை எதிரியை அழிச்சீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள், வாய் மூடிக்கொள்ளும். கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், யார் பக்கத்துப் படுக்கை, இப்படிக் கேளுங்கள். பதக்கங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படம் பிடியுங்கள். பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்குப் போர்முனை, பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு. பழைய கடிதங்களை லேமினேட் செய்ய வேண்டாம், நாளடைவில் தாள் கெட்டுவிடும். பேரப்பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள், அவர்களிடம் சொல்வதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

கடலோரன்:
வால்டேர்வாசி, நீங்கள் எழுப்பியதை நானும் ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். "நாங்க போட்டது ரெண்டு. அப்புறம் கப்பலே குலுங்குச்சு. காலைல மீனவங்க ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. போன வருடம் அவர் போய்விட்டார். அடுத்த மாதம் மகளோடு விசாகப்பட்டினம் போகிறேன். குர்சுராவுக்குள் இருக்கும் படுக்கைகளை இந்த முறை எண்ணப்போகிறோம்.