முருங்கைக் கிளையில் துருத்துவது பிசினா, காதுக் காளானா?

மழை விட்ட மறுநாள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: செம்பழுப்பு, கொழகொழப்பு. நிறத்தை நம்பாதீர்கள். முருங்கைப் பிசின் வடியும்போது வெளுப்பாக இருக்கும், காற்றுப் பட்டபின் சிவந்து கறுக்கும். ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். காளான் ஒரே புள்ளியில் காது மடல்போலத் தொங்கும்; வெளிப்பக்கம் நுண்ணிய ரோமம், உட்பக்கம் வழவழப்பு. பிசினுக்கு உள், வெளி என்றே கிடையாது. வெடிப்பிலிருந்து வழிந்த தடம் இருக்கும்.

---

காய்ந்துவிட்டால் இந்த அடையாளமெல்லாம் சுருங்கிப்போகும். அப்போது நீர்ச் சோதனைதான். நகமளவு துண்டு, ஒரு தம்ளர் தண்ணீர், குறைந்தது ஒரு மணி நேரம். காளான் ஊறிப் பழைய மடலாக விரியும், ரப்பர் மாதிரி வளையும், விரலில் ஒட்டாது. பிசின் ஓரம் குழைந்து பிசுபிசுக்கும். பத்து நிமிடத்தில் எடுத்தால் ஏமாறுவீர்கள். முருங்கைப் பிசின் சட்டென்று கரையாது, முதலில் வீங்கத்தான் செய்யும்.

---

எதற்கு இந்தப் பாடு என்றால், பிசின் உயிருள்ள பட்டையிலிருந்து வருவது. காதுக் காளான் (ஆரிக்குலேரியா) செத்த கட்டையைத் தின்று வளர்வது. ஒரே கிளையில் இரண்டும் இருக்கலாம். காளானை மட்டும் சுரண்டி எறிவது வீண், அதன் இழைகள் கட்டைக்குள் ஓடியிருக்கும். கத்தி நுனியால் பட்டையை லேசாகக் கீறிக்கொண்டே அடிப்பக்கம் வாருங்கள். பழுப்பும் வறட்சியும் போய்ப் பச்சை ஈரம் தெரிகிற இடத்தில் செத்த பகுதி முடிகிறது. கிளையின் அடிவரை செத்திருந்தால், தண்டோடு சேரும் புடைப்பை வெட்டாமல் அதற்குச் சற்று வெளியே அறுக்கவும். புடைப்பைச் சேர்த்து அறுத்தால் காயம் மூடாது. நீளமாகக் குச்சி விட்டால் அதுவும் செத்து, அழுகல் உள்ளே இறங்கும். முருங்கை மென்கட்டை, வேகமாக இறங்கும்.

---

பிசினுக்கு வேறு வைத்தியம். துளையும் அதன் வாயில் மரத்தூள் போன்ற எச்சமும் இருந்தால் தண்டுத்துளைப்பான். மெல்லிய கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுக்கலாம். துளை இல்லாமல் அடித்தண்டில் வடிந்தால் வேர்ப்பக்கம் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

---

காதுக் காளான்போலக் கொழகொழப்பாக இருப்பவற்றை ஜெல்லிக் காளான் என்பார்கள். அவை எல்லாமே கட்டையைத் தின்பவை அல்ல. வெள்ளை இதழ் அடுக்கியதுபோல இருக்கும் ட்ரெமெல்லா, கட்டையில் வாழும் இன்னொரு பூஞ்சையை உண்பது. நுண்ணோக்கியில் பார்த்தால் வித்துத் தாங்கும் செல்லில் ஆரிக்குலேரியாவுக்குக் குறுக்குத் தடுப்பு, ட்ரெமெல்லாவுக்கு நெடுக்குத் தடுப்பு.